முதலில் கழற்றுவது மைனஸ்

கார் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உலர்ந்த கை பட்டால் ஷாக் அடிப்பதில்லை. பேட்டரி கடைக்காரர் வெறுங்கையோடு இரண்டு டெர்மினலையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்துவிட்டால் பட்டென்ற சத்தத்தோடு தீப்பொறி சிதறுகிறது. ஸ்பேனர் பட்ட இடம் உருகி, அங்கேயே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆளை ஒன்றும் செய்யாத மின்சாரம் இரும்பை எப்படி உருக்குகிறது?

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் ஒயரைத்தான் முதலில் எடுப்பார். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுவார். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் சார் செய்யணும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். அவர் செய்வது சரி. அதற்கான காரணமும் முதல் கேள்விக்கான விடையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

எட்டு டார்ச் செல்லும் ஒரு பேட்டரியும்

டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் செல்கள் எட்டை வரிசையாக அடுக்கினால் 12 வோல்ட் கிடைக்கும். கணக்குப்படி அது கார் பேட்டரிக்குச் சமம். ஆனால் அதைக் கொண்டு காரை ஸ்டார்ட் செய்ய முடியாது. செல்ஃப் மோட்டார் முனகக்கூட முனகாது.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். அதை மின்னழுத்தம் என்கிறோம். அந்த அழுத்தத்தால் நொடிக்கு எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். அழுத்தம் ஒன்றாக இருந்தாலும் ஓட்டம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் மின்சாரம் வெளியே வருவதைத் தடுக்கும் ஒரு குணம் இருக்கிறது. அதற்கு உள்தடை என்று பெயர் வைத்துக்கொள்வோம்; தடையின் அளவு ஓம். எட்டு டார்ச் செல்களின் உள்தடை சேர்ந்து ஓர் ஓம்மைத் தாண்டிவிடும். எனவே முனைகளை நேராக இணைத்தாலும் அவை சில ஆம்பியருக்கு மேல் தராது. நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரியின் உள்தடையோ ஓர் ஓம்மில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாருக்கே நூறு, இருநூறு ஆம்பியர் தேவைப்படுகிறது. பேட்டரி அதைத் தயங்காமல் தருகிறது.

இந்தத் தாராளத்துக்குக் காரணம் அதன் கட்டமைப்பு. 1859-இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மைனஸ் தகட்டில் பஞ்சுபோல் துளைகள் நிறைந்த ஈயம்; பிளஸ் தகட்டில் ஈய டை ஆக்சைடு; நடுவே நீர்த்த கந்தக அமிலம். ஒரு கலம் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்கள் சேர்ந்து, முழு சார்ஜில், 12.6 வோல்ட். ஒவ்வொரு கலத்திலும் மெல்லிய தகடுகள் பலவற்றை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். துளைகளையும் சேர்த்தால் அமிலம் தொடும் பரப்பு மிகமிகப் பெரிது. அவ்வளவு இடத்திலும் ஒரே நேரத்தில் வேதிவினை நடப்பதால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வெளியே வருகிறது. 1912-இல் கெடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தபோது, கையால் கிராங்க் சுற்றும் வேலையை எடுத்துக்கொள்ள இப்படிப்பட்ட பேட்டரி தேவைப்பட்டது.

உடம்பில் போகாதது ஸ்பேனரில் போகிறது

இனி முதல் கேள்வி. உலர்ந்த தோலின் மின்தடை மிக அதிகம். ஒரு கையிலிருந்து மறு கைக்கு 20,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12.6 வோல்ட் அதில் தள்ளக்கூடியது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அது நம் உணர்வுக்கே எட்டாது. கை நனைந்திருந்தாலோ வெட்டுக்காயம் இருந்தாலோ தடை வெகுவாக இறங்கும். அப்போது சுருக்கென்று தெரியும். எனவே வெறுங்கை விளையாட்டுக்கு இது உத்தரவாதம் அல்ல.

ஸ்பேனருக்கு வருவோம். அந்த எஃகுத் துண்டும் அது தொடும் இரண்டு புள்ளிகளும் சேர்ந்து ஓர் ஓம்மில் ஆயிரத்தில் இரண்டு பங்கு தடை தருகின்றன என்று கொள்வோம். பேட்டரியின் உள்தடை ஆயிரத்தில் எட்டு பங்கு. மொத்தம் ஆயிரத்தில் பத்து. 12.6 வோல்ட்டை இதனால் வகுத்தால் 1,260 ஆம்பியர்! வெல்டிங் பட்டறையில் சாதாரணக் கம்பியை உருக்கி ஒட்டச் சுமார் 100 ஆம்பியர் போதும்.

இந்த ஓட்டத்தின் சூடு எங்கே போகிறது என்று பார்த்தால் ஆபத்தின் முழு உருவம் தெரியும். தடை எந்த விகிதத்தில் பிரிகிறதோ அந்த விகிதத்தில்தான் சூடும் பிரியும். ஐந்தில் ஒரு பங்கு ஸ்பேனரின் பக்கம்: அது மட்டுமே 3,000 வாட்டுக்கு மேல். மூன்று இஸ்திரிப் பெட்டிகளின் சூடு, ஊசிமுனை அளவுள்ள இரண்டு தொடுபுள்ளிகளில் குவிகிறது. அதனால்தான் உலோகம் உருகுகிறது. மீதி நான்கு பங்கு, அதாவது 12,000 வாட்டுக்கு மேல், பேட்டரிக்குள்ளேயே இறங்குகிறது. ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் உள்ளே அமிலம் கொதிக்கும். மூடி வெடித்துச் சிதறவும் கூடும்.

மோதிரம் போட்ட கையால் பேட்டரி அருகே வேலை செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். தங்கம் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். மோதிரத்தின் ஒரு பக்கம் பிளஸ்ஸோடு சேர்ந்த ஸ்பேனரிலும் மறுபக்கம் மைனஸோடு இணைந்த காரின் தகட்டிலும் பட்டால் அந்த வளையம் நொடிகளில் பழுக்கக் காய்ச்சிய கம்பியாகும். விரலைச் சுற்றிலும் தோல் வெந்துவிடும். சூட்டில் விரல் வீங்க, மோதிரத்தை உருவவும் முடியாது. ஷாக் என்று ஒன்று இதில் நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் மோதிரத்தில்தான் ஓடியது, சூடுதான் ஆளைத் தாக்கியது. உலோகப் பட்டை போட்ட கடிகாரம், வளையல், முன்னால் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானட்டைத் திறக்க வேண்டும்.

காரின் உடம்பே பாதி ஒயர்

வீட்டில் ஒரு பல்புக்குப் போக ஓர் ஒயர், வர ஓர் ஒயர். காரில் அப்படி இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த ஒயர் காரின் இரும்பு உடலிலும் எஞ்சினிலும் முறுக்கப்பட்டிருக்கும். ஹெட்லைட், ஹாரன், வைப்பர் மோட்டார் என்று எதுவானாலும் பிளஸ்ஸிலிருந்து ஒயர் வழியாக மின்சாரத்தைப் பெற்று, காரின் தகடு வழியாகவே திருப்பி அனுப்பும். இதை பாடி எர்த் என்று பட்டறைகளில் சொல்வார்கள். ஒயரின் செலவும் எடையும் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

இதன் விளைவை ஒரு நொடி யோசியுங்கள். பானட்டுக்குள் கண்ணில் படும் வெறும் உலோகம் அத்தனையும் மைனஸ் முனைதான். ஃபெண்டர் தகடு, எஞ்சின், பானட் கீல், பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை எல்லாமே.

இப்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பிளஸ் முனையின் நட்டில் முதலில் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நட்டைத் திருப்ப இடம் குறுகல். கால் சுற்று திருப்புவதற்குள் ஸ்பேனரின் வால் ஃபெண்டரில் இடிக்கிறது. ஸ்பேனரின் ஒரு முனை பிளஸ்ஸில், மறுமுனை மைனஸாக இருக்கும் தகட்டில். மேலே பார்த்த அதே 1,260 ஆம்பியர் கணக்கு இங்கே வந்து நிற்கிறது. இதைத்தான் குறுக்குச்சுற்று என்கிறோம். பேட்டரியைச் சுற்றி மூன்று பக்கமும் மைனஸ் சுவர் எழுந்து நிற்கும்போது இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதே வேலையை மைனஸ்ஸில் தொடங்கிப் பாருங்கள். ஸ்பேனர் மைனஸ் நட்டில் இருக்கிறது. வால் ஃபெண்டரில் இடிக்கிறது. இரண்டு பக்கமும் மைனஸ், அழுத்த வேறுபாடு இல்லை, எதுவும் பாயாது. நட்டைத் தளர்த்தி ஒயரைத் தூக்கிவிட்டால் காரின் உடலுக்கும் பேட்டரிக்கும் உள்ள உறவு அறுந்துவிடுகிறது. அதன்பின் பிளஸ் நட்டைத் திருப்பும்போது ஸ்பேனர் தகட்டில் எத்தனை முறை இடித்தாலும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. மாட்டும்போது இதே தர்க்கம் தலைகீழாகும்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

இந்த விதியால் தடுக்க முடியாத விபத்து ஒன்று உண்டு. நீளமான ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் எந்த வரிசையும் காப்பாற்றாது. அதனால் மைனஸ்ஸைக் கழற்றும் முன்பே பிளஸ் முனையை அதன் ரப்பர் மூடியாலோ காய்ந்த தடித்த துணியாலோ மூடிவிட வேண்டும். கழற்றிய மைனஸ் ஒயரும் தானாக வளைந்து பழைய இடத்துக்கே திரும்பும் சுபாவம் கொண்டது. அதன் தலையில் ஒரு துணியைச் சுற்றி ஓரமாகச் செருகிவையுங்கள்.

பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பிளஸ் முனைதான் உடலோடு இணைந்திருந்தது. அவற்றில் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ். எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறதோ அதுதான் முதலில். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

பேட்டரிக்கு சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில், உள்ளே போகும் மின்சாரத்துக்குத் தகட்டில் வேலை குறைந்துவிடுகிறது. அது தண்ணீரைப் பிளக்கத் தொடங்குகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிகளாகக் கிளம்பும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்குத் தேவையான பொறி மிகச் சிறியது. கண்ணுக்கே தெரியாத பொறிகூடப் போதும். வெடித்தால் தீயைவிட, கூடவே தெறிக்கும் அமிலமும் பிளாஸ்டிக் சில்லுகளும்தான் கண்ணைப் பறிக்கும். பேட்டரிக்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சியையோ லைட்டரையோ கொளுத்துவது என் கண்ணில் மன்னிக்கவே முடியாத செயல்.

பேட்டரி இறங்கிப்போன காரை இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பும்போது கடைசி இணைப்பில் பொறி பறந்தே தீரும். அதைத் தவிர்க்க முடியாது. எங்கே பறக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். சிவப்பு கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். மிஞ்சியிருக்கும் ஒரே கவ்வியை, செத்த பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டாமல், அதே காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து எட்ட மாட்ட வேண்டும். காரின் உடலே மைனஸ் என்பதால் மின்சாரத்துக்கு இரண்டு இடமும் ஒன்றுதான். பொறி மட்டும் வாயு இல்லாத இடத்தில் பறக்கிறது. எஞ்சின் கிளம்பியதும் கவ்விகளை இதற்கு நேர்மாறான வரிசையில் எடுக்க வேண்டும்.

பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனால் இரண்டு பேட்டரிகளும் ஒன்றையொன்று எதிர்க்காமல் ஒரே திசையில் தள்ளத் தொடங்கும். கேபிள் உருகும்; எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகும். வெளிச்சம் குறைவாக இருந்தால் டார்ச் அடித்து முனையின் குறியைப் படித்த பிறகே கவ்வியைத் தொடுங்கள்.

ஆசிட்டும் ஆப்ப சோடாவும்

முழு சார்ஜில் உள்ள பேட்டரித் திரவத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். தோலில் பட்ட உடனே பெரிதாக எரியாது. அதனால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பருத்திச் சட்டையில் தெறித்த துளி முதலில் வெறும் ஈரம்போலத்தான் தெரியும். தண்ணீர் ஆவியாக ஆக அமிலம் அடர்கிறது. அடுத்த முறை துவைத்தெடுக்கும்போது அந்த இடம் பொத்தலாக இருக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அமிலத்தை முறிக்கும் என்று கண்ணிலோ தோலிலோ ஆப்ப சோடா போடக் கூடாது. வேலை முழுவதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பாடே இல்லை.

முனைகளில் பூக்கும் வெள்ளையும் நீலப்பச்சையுமான பொடி, கசிந்த அமிலம் ஈயத்தோடும் செம்போடும் வினைபுரிந்ததால் வந்தது. அது மின்தடையைக் கூட்டும்; காலையில் கார் முரண்டு பிடிக்க இதுவே காரணமாக இருக்கும் நாட்கள் நிறைய. ஒயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருப்பதை உறுதிசெய்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது. துடைத்து உலர்த்தி, ஒயரை மாட்டிய பின் மேலே கொஞ்சம் வாஸலின் தடவலாம். மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் குறைவது தண்ணீர் மட்டுமே. எனவே ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

ஹெட்லைட் பல்பைக் காப்பாற்றவே ஃபியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. ஒயர் தாங்கும் ஓட்டத்துக்குள் ஃபியூஸ் அறுந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் கடமை. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்று நிறத்தாலேயே அதன் அளவைச் சொல்லிவிடலாம். நீலம் அறுந்த இடத்தில் பச்சையைச் செருகினால் கார் அப்போதைக்கு ஓடும். ஆனால் இனி அறுந்துபோகும் பொருள் ஃபியூஸ் அல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டுக்கட்டாக ஓடும் ஒயர். ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகுவது இதைவிடக் கொடியது.

வெளிச்சம் போதவில்லை என்று 60 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் பல்பு போடுவது நம் ஊரில் சகஜம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும். 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர் வேண்டும். ஓட்டம் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது. ஆனால் ஒயரில் பிறக்கும் சூடு ஓட்டத்தின் வேகத்தில் ஏறுவதில்லை. ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். எனவே இந்தப் பல்பு மாற்றத்தால் ஒயரின் சூடு ஏறத்தாழ 2.8 மடங்கு. ஒயரின் உறை மெதுவாக இறுகி, வெடித்து, ஒருநாள் உள்ளிருக்கும் செம்பு தகட்டைத் தொடும். அதிக வாட் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் எடுத்து, ரிலே வைத்து, ஃபியூஸை பேட்டரிக்கு மிக அருகில் போட வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் யாரும் இல்லை என்பதால் அந்தத் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஒயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்புகளும் இதே கதைதான். தளர்ந்த இணைப்பின் தடை ஓர் ஓம்மில் பத்தில் ஒரு பங்கு என்றால், 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு அங்குல இடத்தில் மட்டும் 10 வாட் சூடு. டேப்பின் பசை இளகி வழிய அது தாராளம்.

ஓடும் எஞ்சினில் கழற்றிப் பார்ப்பது

டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத பழைய கார்களில் அது கடந்துபோனது. இன்றைய ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், அதன் காந்தச் சுருள் உடனே அடங்குவதில்லை. ஏற்றிக்கொள்ள ஆளில்லாத மின்சாரத்தின் அழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் 100 வோல்ட் பக்கம்கூடப் போகலாம். எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் அதோடு போய்விடக்கூடும். அழுத்த ஏற்ற இறக்கங்களை விழுங்கிச் சமன்செய்வதும் பேட்டரியின் வேலைதான்.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் எதையும் கழற்ற வேண்டாம். சில மணி நேரம் ஓய்ந்த காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும்.

மஞ்சளும் ஆரஞ்சும்

ஸ்டீயரிங் அடியிலும் சீட்டுக்குக் கீழும் மஞ்சள் இணைப்பிகள் தெரிந்தால் அவை ஏர்பேக்குக்கானவை. விபத்தில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக அதன் பெட்டிக்குள் மின்தேக்கிகள் சக்தியைச் சேமித்து வைத்திருக்கும். அதனால் மைனஸ்ஸைக் கழற்றிய பிறகும் காரின் கையேட்டில் சொன்ன நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அந்த ஒயரில் டெஸ்ட் லேம்ப்போ மல்டிமீட்டரோ வைத்துப் பார்க்கவே கூடாது. சோதிக்கும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு உறை போட்ட தடித்த ஒயர்கள் ஓடும். அவற்றில் இருப்பது சில நூறு வோல்ட். இந்த அத்தியாயத்தில் இதுவரை சொன்ன தர்க்கம் அங்கே செல்லாது. உலர்ந்த தோல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, அது கொல்லும். அந்த உயர் அழுத்தச் சுற்றின் மைனஸ் காரின் உடலோடு இணைக்கப்படுவதும் இல்லை. இரண்டு முனைகளையும் உடலிலிருந்து பிரித்தே வைத்திருப்பார்கள். எனவே எந்த முனை முதலில் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அதே கார்களில் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் என்று சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். கையேட்டைப் படித்துவிட்டு, அதன் மைனஸ்ஸை முதலில் கழற்றலாம். ஆரஞ்சு ஒயரை அதற்கென்று பயிற்சி பெற்று, உயர் அழுத்தக் கையுறை போட்டவர் மட்டுமே தொட வேண்டும்.